சாஸர் தேடி லிமோஜ் வரை

முதல் நாள், சனிக்கிழமை: பாரிஸ், வான்வ் சந்தை

என் பெட்டியில் துணிகளுக்கு நடுவே, கம்பளிக் காலுறைக்குள் சுருட்டி வைத்த ஒரு கோப்பை இருக்கிறது. இந்தப் பயணமே அதற்காகத்தான்.

புதுச்சேரியில் பெரியம்மா கொடுத்தது. அவருடைய மாமனார் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது கொண்டுவந்த சாமான்களில் மிஞ்சியது இது ஒன்றுதான். சாஸர் எப்போதோ உடைந்துவிட்டது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கோப்பை ஷோகேஸில்தான் இருந்தது. உள்ளே சட்டைப் பொத்தானும் ஊக்கும் கிடக்கும். போன வருடம் வீட்டைக் காலி செய்தபோது, "உனக்குத்தான் இதெல்லாம் பிடிக்கும், நீயே வச்சுக்கோ. சாஸர் கிடைச்சா எனக்குச் சொல்லு" என்று கையில் கொடுத்தார்.

வாய்ப்பக்கம் லேசாக அலை அலையாக இருக்கும். வெளியே நீலப் பொடிப்பூச் சரம் ஒன்று. கைப்பிடி முறுக்கிய சுள்ளி போல இருக்கும். கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் தங்கப்பூச்சு தேய்ந்து வெண்மை தெரிகிறது. எத்தனை பேர் குடித்திருப்பார்கள்! அடியில் பச்சை நிறத்தில் ஜே.பி.எல்., கீழே பிரான்ஸ். பக்கத்தில் சிவப்பில் இன்னொரு முத்திரை, பாதி அழிந்தது. பத்து வருடமாகப் பழைய பிரெஞ்சுப் பீங்கான் சேர்க்கிறேன். என்னிடம் இருக்கும் முப்பது சொச்சம் உருப்படிகளில் எனக்கு நெருக்கமானது இதுதான்.

வான்வ் சந்தை சனி, ஞாயிறு காலையில் மட்டும் நடக்கும். மெட்ரோ 13-ஆம் தடத்தில் போர்த் த வான்வ் நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டும். நடைபாதை நெடுக மடக்கு மேஜைகள்; வெள்ளிக் கரண்டி, பழைய தபால் அட்டை, பூட்டு, நடு நடுவே பீங்கான். மதியத்துக்குள் மூட்டை கட்டிவிடுவார்கள் என்பதால் ஏழரைக்கே போய்விட்டோம். அக்கா பாரிஸ் பக்கத்தில்தான் இருக்கிறாள். "இருபது வருஷமா இங்க இருக்கேன், ஒரு நாள்கூட இங்க வந்ததில்லடி" என்று சொல்லிக்கொண்டே எனக்கு முன்னால் நடந்தாள்.

தட்டைக் கையில் எடுத்ததும் முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்னால் விரலை ஆட்டுவேன். நல்ல பீங்கான் என்றால் விரலின் நிழல் இந்தப் பக்கம் தெரியும். சாதாரண மண்ணில் செய்து வெள்ளை மெருகு பூசிய ஃபயான்ஸ் என்றால் தெரியாது. அப்புறம் விரல் நுனிகளில் தாங்கிக்கொண்டு நகத்தால் சுண்டுவேன். முழுசாக இருந்தால் கோயில் மணி போல இழுத்துக்கொண்டு ஒலிக்கும். மயிரிழை விரிசல் இருந்தால் 'டொக்' என்று அங்கேயே அடங்கிவிடும். அம்மா பானை வாங்கும்போது செய்ததும் இதேதான். பின்பக்க முத்திரையைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். அதை முதலிலேயே பார்த்துவிட்டால் மற்ற எதையும் கண் ஒழுங்காகப் பார்க்காது.

மீன் படம் போட்ட தட்டு ஒன்று 25 யூரோவுக்கு வாங்கினேன். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மீனுக்கென்றே தனி செட் வைத்துக்கொள்வது நாகரிகமாக இருந்தது: நீளத் தாம்பாளம் ஒன்று, தட்டுகள் ஒரு டஜன், தட்டுக்கு ஒரு மீன். எனக்குக் கிடைத்ததில் புள்ளி போட்ட ஆற்று மீன். பழுது ஏதும் உண்டா என்று விற்றவரிடம் இரண்டு முறை கேட்டேன். சுத்தமான சரக்கு என்றார்.

ராத்திரி அக்கா வீட்டில் விளிம்பை உதட்டில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினேன். பீங்கான் எங்கும் சில்லென்று இருக்கும். ஓரிடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு, அந்தச் சில்லிப்பு இல்லை. உடைந்த விளிம்பைப் பசையால் நிரப்பி, மேலே தங்க நிறம் தீட்டியிருக்கிறார்கள். பழுது பார்த்தது தப்பில்லை. அதைச் சொல்லி விற்றிருந்தால் பத்து யூரோவுக்கு நானே மகிழ்ச்சியாக வாங்கியிருப்பேன். மனசு ரொம்ப நேரம் ஆறவில்லை.

இரண்டாம் நாள், ஞாயிறு: செவ்ர்

மெட்ரோ 9-ஆம் தடத்தின் கடைசி நிலையத்தில் இறங்கி, சென் ஆற்றுப் பாலத்தை நடந்தே கடந்தால் எதிரே செவ்ர் பீங்கான் அருங்காட்சியகம். 1740-இல் வான்சேன் கோட்டையில் தொடங்கிய பட்டறை 1756-இல் இந்த ஊருக்கு வந்தது. மன்னர் 15-ஆம் லூயியும் அவருடைய காதலி மதாம் த பொம்பதூரும் ஆதரித்து வளர்த்தது.

தொடக்கத்தில் இவர்களிடம் சீனப் பீங்கானுக்கு உரிய வெண்களிமண், அதாவது கயோலின், இல்லை. அதனால் கண்ணாடிபோல் உருக்கி அரைத்த தூளை மண்ணோடு பிசைந்து ஒரு மாற்று செய்தார்கள். மென்பீங்கான் என்று சொல்லலாம். அதை நேரில் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். ஆடை படிந்த பால் போன்ற வெண்மை. நிறங்கள் மேலே உட்காராமல் உள்ளே ஊறியது போல இருக்கும். 'வான நீலம்' பூசிய தட்டின் முன்னால் நான் நின்ற நேரத்தில் அக்கா இரண்டு அறைகளைப் பார்த்து முடித்துவிட்டாள். கத்தி பட்டால் இதில் கீறல் விழும். சாப்பிட்ட தட்டுகளில் அந்தக் கீறல்கள் இன்னும் இருக்கின்றன.

செவ்ர் முத்திரை முதுகோடு முதுகு பின்னிய இரண்டு 'எல்'. நடுவில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து. 1753-க்கு 'ஏ', அப்படியே வரிசையாகப் போகும். உலகத்திலேயே அதிகம் திருடப்பட்ட பீங்கான் முத்திரைகளில் இதுவும் ஒன்று. அதற்கு ஒரு காரணம் செவ்ருக்குள்ளேயே நடந்தது. 1800-இல் பொறுப்பேற்ற அலெக்சாந்த்ர் ப்ரோஞ்ஞியார், நெருக்கடியில் இருந்த பட்டறையைக் காப்பாற்றக் கிடங்கில் கிடந்த படம் தீட்டாத பழைய வெள்ளைப் பாத்திரங்களை விற்றார். வெளி ஆட்கள் அதை வாங்கி, பழைய பாணியில் பூவும் பறவையும் தீட்டி விற்றார்கள். மண் அசல் செவ்ர், ஓவியம் போலி. இதைக் கண்டுபிடிப்பது நிபுணர்களுக்கே சிரமம். ஆனால் என்னைப் போன்றவர்களுக்கும் கைகொடுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. செவ்ரில் கயோலின் கலந்த கடினப் பீங்கான் வந்தது ஏறக்குறைய 1769-இல்தான். கையில் இருப்பது கடினப் பீங்கான், ஆண்டெழுத்தோ 1757 என்றால் அப்படியே மேஜையில் வைத்துவிட்டு நகரலாம்.

அசல் செவ்ர் என் கைக்கு எட்டாத விலை. பார்த்ததே போதும்.

மூன்றாம் நாள், திங்கள்: லிமோஜ் போகும் ரயில்

பாரிஸின் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து, பீங்கானுக்குப் பேர்போன லிமோஜுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். லிமோஜில் இறங்கியதும் முதலில் நிலையத்தைத்தான் பார்த்தேன். 1929-இல் திறந்த பெனடிக்டின் நிலையம், தண்டவாளங்களுக்கு மேலேயே கட்டியது. பச்சை படிந்த செப்புக் குவிமாடமும் உயரமான மணிக்கூண்டும் தூரத்திலிருந்தே தெரியும்.

சாயங்காலம் மத்தியச் சந்தைக் கட்டடம் வரை நடந்தேன். வெளிச்சுவரின் மேலே சுற்றிலும் பீங்கான் ஓடுகள். ஒவ்வொன்றிலும் மீன், கோழி, காய், பழம். உள்ளே விற்பதைத்தான் வெளியே தீட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்த ஊரில் பீங்கான் என்றால் அழகு மட்டும் ஞாபகத்துக்கு வந்தால் போதாது. 1905 ஏப்ரலில் இங்கே பீங்கான் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ராணுவம் வந்தது. 17-ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் காமில் வார்தெல் என்ற இளம் பீங்கான் தொழிலாளி இறந்தார். என் கோப்பையும் ஏறக்குறைய அந்தக் காலத்தது. அதைச் சூளையில் அடுக்கியவர், பூத் தீட்டியவர், தங்கம் தேய்த்தவர் எல்லாரும் அந்த வேலைநிறுத்தத்தில் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே அறைக்குத் திரும்பினேன்.

நான்காம் நாள், செவ்வாய்: கசோ சூளை

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

வியென் ஆற்றங்கரையில் கசோ சூளை. 1884-இல் கட்டியது, கிட்டத்தட்ட 20 மீட்டர் உயரம். ஒரு காலத்தில் லிமோஜில் இப்படி நூறு சூளைகளுக்கு மேல் புகைந்தன. பெரும்பாலானவை இடிக்கப்பட்டுவிட்டன. நம் ஊர்ச் செங்கல் சூளையை மனசில் வைத்துக்கொண்டு போனேன், இது வேறு. வட்டமான இரண்டு அடுக்குக் கோபுரம், சுற்றிலும் தீவாய்கள். உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தால் நெருப்பு பட்டுப் பட்டுச் செங்கல்லே கண்ணாடிபோல் மினுங்குகிறது. கையை வைத்துப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது.

வழிகாட்டி ஒரு பெரியவர், பீங்கான் ஆலையில் வேலை பார்த்தவர். நான் புதுச்சேரி என்றதும், பிரெஞ்சில் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். பாத்திரங்களை நேரடியாகச் சூளையில் வைக்க மாட்டார்கள். புகையும் சாம்பலும் படாமல் இருக்க, கசெட் என்ற தடித்த மண் பெட்டிக்குள் ஒவ்வொன்றாக வைத்து, பெட்டி மேல் பெட்டியாகக் கூரை வரை அடுக்குவார்கள். ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். காலிப் பெட்டியே கனத்தது. அதைத் தலையில் வைத்து ஏணியில் ஏறியவர்களை நினைத்துப் பார்த்தேன்.

மேல் அடுக்கில் சூடு குறைவு, 900 டிகிரி வாக்கில். இன்னும் சுடாத பச்சைப் பாத்திரம் முதலில் அங்கே வேகும். வெந்ததும் சுண்ணாம்புக் கட்டி போல நீரை உறிஞ்சும். அந்தப் பதத்தில் மெருகுக் கரைசலில் ஒரே முக்கு. அப்புறம் கீழ் அடுக்கில் 1400 டிகிரி. அந்தச் சூட்டில் மண்ணும் மெருகும் ஒன்றாக உருகிப் பிணைந்து, பாத்திரம் ஏழில் ஒரு பங்குபோலக் குறைந்து சுருங்கிவிடும். அடிவளையத்தில் மட்டும் மெருகைத் துடைத்து எடுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் நல்ல தட்டின் அடிவளையம் மட்டும் விரலில் சொரசொரவென்று தட்டுப்படுகிறது. பத்து வருடமாக அதைத் தடவிப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

பையிலிருந்து கோப்பையை எடுத்துக் கொடுத்தேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவிழ்த்துப் பார்த்தார். பச்சை எழுத்தின் மேல் விரலை ஓட்டச் சொன்னார். ஒன்றும் தட்டுப்படவில்லை. சிவப்பின் மேல் ஓட்டினேன், துளி மேடாக இருந்தது.

1400 டிகிரியைத் தாங்கும் நிறங்கள் குறைவு. கோபால்ட் நீலம் தாங்கும், குரோமியத்தில் செய்த பச்சை தாங்கும். சிவப்பும் தங்கமும் தாங்காது. அதனால் ஆலையின் முத்திரை மெருகுக்கு அடியில் பச்சையில் போகும், பாத்திரத்தோடு சேர்ந்து வேகும். பூ, சிவப்பு, தங்கம் எல்லாம் மெருகுக்கு மேலே தீட்டி 800 டிகிரி வாக்கில் மறுபடி சுடப்படும். தீட்டிய பட்டறையின் முத்திரை அப்போதுதான் மேலே விழும். ஆகவே ஒரு கோப்பைக்கு இரண்டு வீடு. லிமோஜ் ஆலைகள் வெறும் வெள்ளையாகவே ஏராளமாக விற்றன. ஒரே அச்சில் பிறந்த கோப்பைகள் ஒவ்வொரு பட்டறைக்கும் போய் ஒவ்வொரு உடுப்புப் போட்டுக்கொண்டன.

ஜே.பி.எல். என்றால் ழான் பூயா, லிமோஜ். பிரான்ஸ் என்ற சொல்லும் இருப்பதால் ஏறக்குறைய 1891-க்குப் பிறகு என்றார். அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று எழுத வேண்டும் என 1890-இன் சுங்கச் சட்டம் கட்டாயப்படுத்தியது. லிமோஜின் பெரிய வாடிக்கையே அமெரிக்காதான். நியூயார்க் வணிகர் டேவிட் ஹாவிலண்ட் 1842-இல் இங்கே குடியேறி, அமெரிக்கர்களின் ரசனைக்கு ஏற்பச் செய்து அனுப்பியதிலிருந்தே அப்படி. சிவப்பு முத்திரையை அவராலும் படிக்க முடியவில்லை.

கிளம்பும்போது, "மதாம், நீல பூவைத் தேடாதீங்க, அச்சைத் தேடுங்க" என்ற பொருளில் ஏதோ சொன்னார். அதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள், புதன்: அத்ரியன் துபூஷே அருங்காட்சியகம்

லிமோஜின் பீங்கான் அருங்காட்சியகம் இது. காலை பத்திலிருந்து மாலை வரை இங்கேயே இருந்தேன். முழுசாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

பூயாவின் சரக்கைத்தான் தேடிப் போனேன். 1855 பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு அவர்கள் செய்த சேரேஸ் என்ற உணவு மேஜை செட் இருக்கிறது. சேரேஸ் ரோமானியர்களின் தானிய தெய்வம். கதிரும் இலையும் புடைத்து நிற்கின்றன; நிறமே கிடையாது, முழுக்க வெள்ளை. மண்ணில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்று தெரிந்தும் அப்படியே கண்காட்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். தங்கமும் பூவும் குவிந்த பாத்திரங்கள் அந்தக் கட்டடம் முழுக்க இருக்கின்றன. எனக்கு இதுதான் எல்லாவற்றுக்கும் மேல்.

இன்னொரு வேலைப்பாடு, அரிசிமணி. பச்சை மண்ணாக இருக்கும்போதே சுவரில் அரிசி அளவுக்குத் துளைகள் போட்டு, மெருகால் அடைத்துச் சுடுவார்கள். வெளிச்சம் பட்டால் துளைகள் மட்டும் ஒளிரும். சீனாவில் பிறந்த வித்தை. சன்னலோரம் ஒரு கோப்பை அப்படி ஒளிர்ந்ததைப் பார்த்தபோது, முறத்தில் புடைத்த புது அரிசி நினைவுக்கு வந்தது.

ஆறாம் நாள், வியாழன்: சேன்ட் ஈரியே

லிமோஜுக்குத் தெற்கே 40 கிலோமீட்டர். சின்ன ரயில், பசுமையான மேடு பள்ளங்கள், மேயும் செம்மாடுகள்.

இந்த ஊரின் வெண்களிமண் கிடைக்காமல் இருந்திருந்தால் லிமோஜ் பீங்கானே இல்லை. 1760-களின் கடைசியில் டார்னே என்ற அறுவை மருத்துவர் இங்கே இருந்தார். அவர் மனைவி ஒரு வெள்ளை மண்ணைத் துணி வெளுக்கப் பயன்படுத்தினார் என்று கதை. மருத்துவர் அதில் கொஞ்சத்தைப் போர்தோவில் வில்லாரிஸ் என்ற மருந்துக்கடைக்காரருக்கு அனுப்ப, அது செவ்ரின் வேதியியலாளர் மாக்கேர் கைக்குப் போனது. கயோலின்! சீனாவின் பீங்கான் ஊரான ஜிங்தேஜென் பற்றி தாந்த்ரகோல் என்ற யேசு சபைப் பாதிரியார் 1712-இல் எழுதிய கடிதத்துக்குப் பிறகு, எந்த மண் வேண்டும் என்று பிரான்சில் தெரிந்திருந்தது. எங்கே கிடைக்கும் என்றுதான் தெரியவில்லை. 1771-இல் லிமோஜில் முதல் ஆலை வந்துவிட்டது.

நம் ஊரில் வெளுக்க உவர்மண் எடுத்தார்களே, அந்தக் கண்ணோடு இந்தக் கதையைக் கேட்டால் அந்த அம்மாள்மேல் தனி மரியாதை வருகிறது. எந்த மண் அழுக்கை எடுக்கும் என்று துவைக்கிறவருக்குத்தான் தெரியும். அவர் பெயர் எந்தப் பலகையிலும் என் கண்ணில் படவில்லை.

ஊருக்கு வெளியே பழைய மண் குழிகள். மேலே காடு மூடிவிட்டது. ஒரு சரிவில் வெள்ளை தெரிந்தது. விரலால் தொட்டேன். ஈரமாக, திருநீறு போல மாவாக, விரல் ரேகையெல்லாம் நிரம்பியது. கைக்குட்டையில் துடைத்துப் பத்திரப்படுத்தினேன். பூயா குடும்பத்துக்கும் இந்தப் பக்கம் மண் குழிகள் இருந்தன. கோப்பையைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். எடுத்துக் கொஞ்ச நேரம் அந்தச் சரிவில் வைத்தேன்.

ஏழாம் நாள், வெள்ளி: லிமோஜ், ஒரு பழைய சாமான் கடை

கடை ஒரு சந்துக்குள். நடத்துபவர் எழுபது வயதைத் தாண்டிய அம்மா. கோப்பையைக் காட்டினேன். இந்த நீலப் பூ என்னிடம் இல்லை, பார்த்த ஞாபகமும் இல்லை என்றார். சூளையில் அந்தப் பெரியவர் சொல்லியிருக்காவிட்டால் நானும் நீலப் பூவைத்தான் தேடியிருப்பேன். ஜோடி இல்லாத சாஸர்கள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். மேஜைக்கு அடியிலிருந்து ஆப்பிள் பெட்டி ஒன்றை இழுத்தார். நடு நடுவே செய்தித்தாள் வைத்து அடுக்கிய சாஸர்கள், எப்படியும் எண்பது தொண்ணூறு இருக்கும். தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஹாவிலண்ட், ஹாவிலண்ட், முத்திரையே இல்லாதது, டி அண்ட் வி, விரிசல், மறுபடி ஹாவிலண்ட். ஜே.பி.எல். நாலு வந்தது, விளிம்பு நேராக இருந்ததால் தள்ளி வைத்தேன். முக்கால் மணி நேரம் கழித்து ஐந்தாவது. அதே அலை விளிம்பு. தங்கம் மெலிசாக ஒரு கோடு. பூ மட்டும் ரோஜா நிறம், நீலம் இல்லை. சிவப்பு முத்திரை இதிலும் ஒன்று இருந்தது, வேறு பட்டறை.

கோப்பையை எடுத்து அதன் குழியில் வைத்தேன். அடிவளையம் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. லேசாகச் சுற்றிப் பார்த்தேன், ஆடவில்லை. கடைக்கார அம்மா குனிந்து இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, "அக்கா தங்கை" என்று பிரெஞ்சில் சொன்னார். விளிம்பை உதட்டில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினேன். எங்கும் சில்லென்று இருந்தது. ஆறு யூரோ கேட்டார். பேரம் பேசவில்லை.

பெரியம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே விளக்கு வைக்கும் நேரம் தாண்டியிருந்தது. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பூ வேறயா இருக்கே?"

"ஆமா பெரியம்மா. அச்சு ஒண்ணுதான்."

"பழசுல என்ன நிறம்னு எனக்கே மறந்துபோச்சும்மா. காபி ஊத்திக் குடிச்சுப் பாரு, சொட்டு கீழ விழாம இருந்தா சரி."

சாஸரை இன்னொரு காலுறையில் சுருட்டி, கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துப் பெட்டியைப் பூட்டியாயிற்று. மூன்றரை மணி ரயில்.